இடது காது

உசிலம்பட்டி பஸ்ஸில் அரசரடி வரைக்கும்
பக்கத்து சீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார்.
அவர் உதடு நின்றபோதெல்லாம் தலையாட்டினேன்.
எதற்கெல்லாம் சம்மதித்தேனோ.

பெரியாஸ்பத்திரியில் காது பார்க்க ஒரு பெட்டி இருக்கிறது.
ஆள் உட்காரும் உயரம், சுவரெல்லாம் பஞ்சு.
கதவைச் சாத்தினால்
மதுரை இல்லை.
ஸெலின் என்று பேட்ஜ் குத்திய பெண்
கையில் ஒரு பித்தானைத் தந்தாள்.
"சத்தம் கேட்டா அழுத்துங்க.
சந்தேகமா கேட்டாலும் அழுத்துங்க."

சந்தேகத்தில் அழுத்துகிற பழக்கம் எனக்கில்லை.
அப்படி அழுத்தித்தான் போன ஐப்பசியில்
மச்சினன் பேக்காமன்
சொந்தக் கன்றுக்குட்டியைச் சாய்த்தான்.
மூச்சைப் பாதியில் நிறுத்தி
கட்டைவிரலைப் பித்தான்மேல் வைத்துக் காத்திருந்தேன்.
வலது காதுக்கு ஒவ்வொன்றாக வந்தன:
தூரத்துப் பம்புசெட், நீர்ச்சொட்டு, கொசு.
இடதுக்குப் பம்புசெட் வந்தது.
சொட்டு வந்தது.
கொசு வரவேயில்லை.
அங்கே ஏற்கெனவே ஒரு சில்வண்டு குடியிருக்கிறது.
நான் தூங்கினாலும் அது தூங்காது.

தாளில் இரண்டு கோடு காட்டினாள்.
ஒன்று வரப்புபோல் நேராகப் போனது.
மற்றது நடுவழியில் கிணற்றில் விழுந்து
பாதி ஏறி நின்றது.
"என்ன வேலைண்ணே?"
"மேலூர்ப் பக்கம் கல்குவாரி."
"குவாரின்னா ரெண்டும்ல போயிருக்கும்."
பேனாவை எடுத்து வலது தோளில் அணைத்தாள்.
கன்னத்தைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள்.
அவளுடைய இடது காது
குழல்வாயைப் பார்த்து நின்றது,
வலது காது தலையின் மறைவில்.

சாப்டூர் மலையடியில் குளம்படி பார்த்தே
கிடாவா சினையா என்று சொல்கிறவன் நான்.
என் தடத்தை மட்டும்
தலைக்குள்ளேயே சுமந்துகொண்டு அலைந்திருக்கிறேன்.

லைசென்ஸ் இருக்கா என்று கேட்கவில்லை.
சீட்டில் "இரைச்சல்" என்று மட்டும் எழுதினாள்.
"போனது வராது. மிச்சத்தப் பாத்துக்கங்க."
ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பஞ்சுத் திரி.
உருட்டி ஒல்லியாக்கி,
மறு கையால் காதுமடலை மேலே இழுத்து,
உள்ளே விட்டு,
முப்பது எண்ணும்வரை விரலை எடுக்கக் கூடாதாம்.
"அடச்சுக்கிட்டா பன்றி வர்றது எப்படித் தெரியும்?"
என்றேன்.
"குவாரியில பன்றி வருதாண்ணே?"
என்றாள்.

வீட்டில் ஒச்சம்மா கேட்டது காசு.
எனக்கு விழுந்ததெல்லாம் காது.
மூன்று வருஷமாக அவள் கேட்கக் கேட்க
நான் காதைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மக்காச்சோளம் பால்பிடிக்கிற மார்கழி.
தட்டை முறிகிற சத்தம் வலப்பக்கம்.
துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டு
திரியை உருட்டினேன். எண்ணினேன்.
பதினெட்டில் பன்றி வெளியே வந்தது.
இருபத்திரண்டில் என்னைப் பார்த்தது.
முப்பதில்
வரப்பு மட்டும் இருந்தது.
நிலா வெளிச்சத்தில் பேக்காமனின் வாய்
திறந்து திறந்து மூடியது.
நீளமான வசவாகத்தான் இருக்கும்.
எனக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம்,
கூடவே அந்தச் சில்வண்டு.

அதற்கப்புறம் இடதைப் பொழுதடையவே அடைத்துவிடுவேன்.
வலது மட்டும் கடைசிவரை காவலுக்கு.
தட்டை முதலில் அசைந்ததுமே அதற்கும் ஒரு திரி,
பன்றி வரப்பேறுவதற்குள் முப்பது முடிந்துவிடும்.
மறுவாரம் சுட்டேன்.
அடுத்த ஊர்க் கல்யாணத்தில் போட்ட வேட்டுபோல இருந்தது.
தோள்தான் நம்பியது.
பக்கத்தில் பேக்காமன் உள்ளங்கையால் காதை அமுக்கி
தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

நாலு நாள் கழித்து, எழுமலை டீக்கடையில்
டம்ளரைப் பார்த்தபடியே கேட்டான்:
"அந்த ஆரஞ்சு... இன்னும் ரெண்டு கெடைக்குமா?"
என் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.
தெளிவாக விழுந்தது.

"என்னது?" என்றேன்.